முள் மீட்டரும் நம்பர் மீட்டரும்

இப்போது வருகிற சின்னக் கார்கள் பலவற்றில் டெம்பரேச்சர் முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று கம்பெனிகள் முடிவு கட்டிவிட்டன. முள் இருக்கிற கார்களிலும் அது முழு உண்மையைச் சொல்வதாக எண்ண வேண்டாம். எண்பது சொச்சம் டிகிரியிலிருந்து நூறைத் தாண்டும்வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி பல கார்களில் அந்த முள்ளை அமைத்திருக்கிறார்கள். முள் கொஞ்சம் ஆடினாலும் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு ஓடிவருகிறவர்களின் தொல்லை இப்படிக் குறைகிறது. மாஸ்டாவின் மியாட்டா காரில் 1995 மாடலுக்கு முன்பு ஆயில் பிரஷர் முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டியது. அதற்குப் பிறகு அதன் பின்னால் இருந்தது வெறும் சுவிட்ச்தான். ஏதோ கொஞ்சம் அழுத்தம் இருந்தால் முள் நடுவில் போய் நிற்கும், இல்லாவிட்டால் கீழே விழும். பார்வைக்கு மீட்டர், வேலையில் விளக்கு.

கம்பெனி மீட்டரில் நம்பிக்கை போனவர்கள், மலையேறும் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள், டீசல் காரை ரீமேப் செய்து பூஸ்ட் ஏற்றியவர்கள், லாரிக்காரர்கள் எல்லாரும் தனியாக மீட்டர் வாங்கிப் பூட்டுவது இதனால்தான். சென்னை ஜி.பி. ரோட்டில் கடைக்குப் போனால் 52 மில்லிமீட்டர், 60 மில்லிமீட்டர் என்று இரண்டு வட்ட அளவுகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, முள் மீட்டரா டிஜிட்டலா என்பது. பெரும்பாலோர் டேஷ்போர்டுக்கு எது எடுப்பாக இருக்கும் என்று பார்த்துப் பதில் சொல்லிவிடுகிறார்கள். வண்டி முழுக்க முள், அல்லது வண்டி முழுக்க எண் என்று ஒரே ஜோடனையாகப் பூட்டுவது அழகுதான். ஆனால் வெப்பமும் எண்ணெய் அழுத்தமும் மின்னழுத்தமும் ஒரே மாதிரி நடந்துகொள்பவை அல்ல. எதை அளக்கிறோம் என்பதை விட்டுவிட்டு எப்படிக் காட்டுவது என்று முடிவு செய்ய முடியாது என்பதே என் கட்சி.

வெப்பத்திலிருந்து தொடங்கலாம். தேனி மாவட்டத்தில் போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்கு ஏறும் பழைய மகிந்திரா ஜீப்புகள் இந்த ஆராய்ச்சிக்குத் தோதான வண்டிகள். ஆள் பாரம், முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஏற்றம், ரேடியேட்டருக்குள் புகும் காற்றும் குறைவு. தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறந்துவிடும். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு சூடு ஏறுகிறது என்பது ரேடியேட்டரின் கையில். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநரின் கண் எதிரே இறங்கிவரும் பஸ்ஸின் மேல் இருக்க வேண்டும். மீட்டருக்குக் கிடைப்பது அரை நொடிப் பார்வை.

அந்த அரை நொடியில் முள் மீட்டரை யாரும் படிப்பதில்லை. முள் எப்போதும் நிற்கும் இடத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். எந்த டிகிரியில் நிற்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு விரற்கடை நகர்ந்தால் உடனே தெரிந்துவிடும். டிஜிட்டல் மீட்டரில் 97 என்று எழுதியிருக்கும். அதைப் படிக்க வேண்டும், போன வளைவில் 93 இருந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும், கழித்துப் பார்க்க வேண்டும், ஏறிக்கொண்டிருக்கிறது என்று முடிவுக்கு வர வேண்டும். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒன்றுமில்லை. வளைவில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கிறவருக்கு இது கணக்குப் பரீட்சை.

இது வெறும் பழக்கத்தின் சௌகரியம் அல்ல. அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் இருந்த விமானப்படை மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வால்டர் கிரெதர் என்ற உளவியலாளர் விமானிகளிடம் பலவித உயரமானிகளைக் காட்டிப் படிக்கச் சொல்லி, 1949இல் முடிவுகளை வெளியிட்டார். அப்போது வழக்கில் இருந்த மூன்று முள் உயரமானியை, அதோடு பழகிய விமானிகளே ஆயிரம் அடியும் அதற்கு மேலும் தவறாகப் படித்தார்கள். எண்ணை அப்படியே காட்டிய வடிவத்தில் தவறுகள் மிகக் குறைவு, படிக்கவும் குறைந்த நேரமே ஆனது. இதை மட்டும் பார்த்தால் எண் கட்சிக்கு வெற்றி. ஆனால் அந்தப் பரிசோதனை கேட்ட கேள்வி, இப்போது எத்தனை அடி என்பது. ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு வேகமாக, எல்லாம் வழக்கம்போல் இருக்கிறதா என்று கேட்டால் நகரும் முள்தான் மேல் என்று கருவி வடிவமைப்புப் பாடநூல்கள் அதன் பிறகு திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன. இன்றைய விமானங்களில் முள் மீட்டர்கள் போய்த் திரைகள் வந்துவிட்டன. அந்தத் திரையிலும் வேகம் வெறும் எண்ணாக நிற்பதில்லை. ஓடும் பட்டை, நடுவில் எண், வேகம் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் அம்பு மூன்றும் சேர்ந்து வருகின்றன.

பந்தயக்காரர்கள் இதை வேறு வழியில் கண்டுபிடித்தார்கள். மீட்டரையே திருகிப் பூட்டி, எல்லாம் சரியாக இருக்கும்போது எல்லா முட்களும் நேர் மேலே பன்னிரண்டு மணித் திசையில் நிற்கும்படி வைப்பது பழைய பந்தயக் கார்களிலும் பல எஞ்சின் விமானங்களிலும் இருந்த வழக்கம். எண்கள் தலைகீழாகத் தெரியும், அதைப் பற்றிக் கவலையில்லை. ஒரு முள் மட்டும் சாய்ந்தால் கண்ணில் குத்தும். ஆறு டிஜிட்டல் மீட்டரை வரிசையாகப் பூட்டி இதைச் செய்ய வழியே இல்லை.

ஆயில் பிரஷரில் முள்ளின் பக்கம் தராசு இன்னும் சாய்கிறது. எஞ்சின் வேகத்தோடு அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. கால் ஆக்ஸிலேட்டரில் ஏறி இறங்க, டிஜிட்டல் மீட்டரில் 38, 44, 41, 29 என்று எண்கள் ஓடும். அதிலிருந்து கிடைப்பது தலைவலி மட்டுமே. முள் மீட்டரில் காலோடு முள் எழுந்து விழுவது தெரியும். எழ வேண்டிய நேரத்தில் எழாவிட்டால் பேரிங் தேய்ந்துவிட்டதென்றோ, வளைவில் சரிந்த எண்ணெய் பம்ப்புக்கு எட்டவில்லையென்றோ சந்தேகப்படலாம். சூடான எஞ்சினின் ஐடிலில் முள் எங்கே வந்து உட்காருகிறது என்பதை மாதாமாதம் கவனித்து வந்தால் எஞ்சினுக்கு வயதாவதையே பார்த்துவிடலாம்.

இந்த மீட்டரின் குடல் மிகப் பழையது. பிரெஞ்சுக்காரரான யூஜீன் போர்டன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைந்த தட்டைக் குழாய்தான் இன்றும் மெக்கானிக்கல் பிரஷர் மீட்டருக்குள் இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் குழாயின் வளைவு நிமிரப் பார்க்கும், அந்த அசைவு பல்சக்கரம் வழியாக முள்ளைத் திருப்பும். ஒயர் வேண்டாம், பேட்டரி வேண்டாம். ஆனால் எஞ்சின் எண்ணெயே மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டுவரை வந்தாக வேண்டும். அந்த நைலான் குழாய் சூட்டில் இறுகி வெடித்தால் கொதிக்கும் எண்ணெய் ஓட்டுநரின் முழங்காலில். அதனால்தான் நான் இதில் மெக்கானிக்கல் மீட்டரைச் சிபாரிசு செய்ய மாட்டேன். எஞ்சினில் அளவை மின்தடையாக மாற்றித் தரும் சென்டர் (sender), டேஷ்போர்டில் முள், நடுவில் ஒயர் மட்டும் என்பதே நல்லது. மெக்கானிக்கல் டெம்பரேச்சர் மீட்டருக்கு இந்த ஆபத்து இல்லை. அதன் குமிழிலும் கேப்பிலரிக் குழாயிலும் இருப்பது கொஞ்சம் ஈதர், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழாய் ஒரு முறை மடிந்து உடைந்தால் மீட்டர் முழுசும் குப்பைக்கு.

இனி எண் ஜெயிக்கும் இடத்துக்கு வருவோம். பழைய புல்லட்டின் ஹெட்லைட் மண்டையில் ஒரு சின்ன ஆம்பியர் மீட்டர் இருக்கும். விளக்கைப் போட்டு ஐடிலில் விட்டால் முள் கழித்தல் பக்கம் சாயும், ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கூட்டல் பக்கம் எழும். சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்வதில் அது கெட்டிக்காரன். பேட்டரியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் வாய் திறக்காது. அதற்கு வோல்ட் வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி போய்விட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.4வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது அரை வோல்ட். எட்டிலிருந்து பதினாறு வரை அச்சடித்த முள் வோல்ட் மீட்டரில் அந்த அரை வோல்ட்டுக்கு முள் அசைவது மிகக் கொஞ்சம்தான். மின்னழுத்தம் ஓடியாடுகிற சாதியும் அல்ல. ஆகவே இங்கே எண்தான். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் மூன்று இலக்க வோல்ட் மீட்டர், அழகான முள் வோல்ட் மீட்டரைவிட நூறு மடங்கு உபயோகம்.

அதற்காக எல்லாவற்றையும் எண்ணாக்கிவிடக் கூடாது என்ற பாடத்தைக் கார்க் கம்பெனிகள் கைக்காசு போட்டுப் படித்தன. ஆஸ்டன் மார்ட்டின் 1976இல் காட்சிக்கு வைத்த லகோண்டாவில் டேஷ்போர்டு முழுக்க எலக்ட்ரானிக். அந்தச் சமாச்சாரம் கம்பெனியைப் படுத்திய பாடு கார் உலகில் பிரசித்தம். 1984 மாடல் கார்வெட்டில் அமெரிக்கர்களும் முள்ளைத் தூக்கி எறிந்துவிட்டு எண்களும் வண்ணப் பட்டைகளுமாகத் திரை வைத்தார்கள். அந்தத் தலைமுறை முடிவதற்குள் முள் திரும்பி வந்துவிட்டது. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த டேஷ்போர்டு 2006இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிவிக்கினுடையது. மேல் தட்டில் வேகம் பெரிய எண்ணாக, கீழ்த் தட்டில் ஆர்.பி.எம். முள்ளாக. அப்போது அதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. யோசித்துப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. வேகம் எவ்வளவு என்பதற்கு எல்லை பலகையில் எண்ணாகத்தான் எழுதியிருக்கிறது, அதோடு ஒப்பிட எண் போதும். ஆர்.பி.எம். எத்தனை என்று யாருக்கும் கவலையில்லை, சிவப்புக் கோட்டை எட்ட எவ்வளவு தூரம் என்பதே சேதி.

டர்போ டீசல்காரர்களின் விஷயம் கொஞ்சம் சிக்கல். டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டருக்கு முள்தான். கால் வைத்ததும் எழுந்து, கியர் மாற்றும்போது விழுந்து, மறுபடி எழுகிற ஒன்றை எண்ணில் படிக்கவே முடியாது. ஆனால் உச்சத்தில் எவ்வளவு போனது என்று ஓட்டி முடித்த பிறகு தெரிய வேண்டும், டர்போ தாங்குமா என்பதை அதுதான் சொல்லும். அந்த உச்சத்தை நினைவில் வைத்திருப்பது எலக்ட்ரானிக்ஸ் செய்கிற வேலை, சாதா முள்ளால் ஆகாது. எக்ஸாஸ்ட் வெப்பமும் அப்படித்தான். கே வகைத் தெர்மோகப்புள் என்ற வெப்ப சென்சரை டர்போவுக்கு முன்னால் செருகிப் பார்த்தால் ஏற்றத்தில் சில நொடிகளில் 300லிருந்து 650க்குத் தாவும். 700 டிகிரியை ஒட்டி நெடுநேரம் ஓட்டினால் அலுமினியப் பிஸ்டனுக்குக் கேடு என்பது பாரம் இழுக்கும் டீசல்காரர்களின் பொது நம்பிக்கை. பெட்ரோல் காரை ட்யூன் செய்கிறவர்கள் வைக்கும் காற்று-எரிபொருள் விகித மீட்டரில் 14.7க்கும் 12.5க்கும் உள்ள வித்தியாசமே எல்லாம் என்பதால் அங்கே எண்ணைத் தவிர்க்க முடியாது.

இங்கேதான் முள், எண் என்ற பிரிவினையே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஜப்பானின் நிப்பான் செய்கி தயாரிக்கும் டெஃபி மீட்டர்களில் முகம் முள், குடல் டிஜிட்டல். சென்சர் அனுப்புவதைச் சிப் கணக்கிட்டு, ஸ்டெப்பர் மோட்டார் முள்ளைத் திருப்புகிறது. உச்ச அளவை நினைவில் வைக்கும், எல்லை தாண்டினால் எச்சரிக்கும். முள்ளின் நிறையும் எண்ணின் நிறையும் இரண்டும் அதில் உண்டு, விலையும் அதற்கேற்ப. மறுபக்கம், வட்டத் திரையில் பொய் முள்ளைப் படமாக ஓட்டுகிற மலிவான மீட்டர்கள் இருக்கின்றன. அவற்றில் படம் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும். முள் குதித்துக் குதித்துப் போகும். அது முள்ளும் அல்ல, உருப்படியான எண்ணும் அல்ல.

லாரியில் ஏர் மீட்டரைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதமெல்லாம் தேவைப்படாது. ஒரே வட்டத்தில் இரண்டு முட்கள். ஏர் பிரேக்கின் இரண்டு சர்க்யூட்டுக்கும் தலைக்கு ஒன்று. ஏர் எட்டு கிலோ ஏறியதும் வண்டியை எடுப்பார்கள். இரண்டு முட்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் சரி. ஒன்று மட்டும் பின்தங்கினால் அந்தப் பக்கம் கசிவு. தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், அடிக்கடி பிரேக்கை மிதித்து ஏர் இறங்கிக்கொண்டிருக்கும்போது, 6.8, 6.1 என்று இரண்டு எண்களை ஒப்பிடச் சொல்வது கொடுமை. லாரிக்கு மீட்டர் வாங்குகிறவர்கள் 24 வோல்ட்டா என்று கேட்டு வாங்க வேண்டும். காருக்கான 12 வோல்ட் மீட்டரைப் பூட்டினால் புகை வரும்.

வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்திரை மாதத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு 60, 70 டிகிரி சூடாவது சாதாரணம். மலிவான எல்.சி.டி. அந்தச் சூட்டில் கறுத்துப்போய், ஏ.சி. போட்டுக் குளிர்ந்த பிறகே எண் தெரியும். சிவப்பு எல்.இ.டி. எண்கள் நேர் வெயிலில் மங்கி மறையும். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக் கறுப்பு. இரவில் பிரச்சினை நேர் எதிர்: தெருவிளக்கு இல்லாத மலைப்பாதையில், ஒளியைக் குறைக்க வழியில்லாத நீல எல்.இ.டி. மீட்டர் கண்ணைப் பறிக்கும். வெள்ளைத் தாளில் கறுப்பு அச்சு, ஆரஞ்சு முள், பின்னால் ஒரு மங்கல் பல்பு என்ற பழைய அமைப்புக்கு இந்த நோய் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பனி படரும், ஒற்றை சிலிண்டர் வண்டியின் உதறலில் முள் நடுங்கும். அவை அதன் குறைகள். பழுதானால் முள் மீட்டரைப் பிரித்துச் சரிசெய்யும் ஆள் இன்னும் சில ஊர்களில் உண்டு. டிஜிட்டல் மீட்டர் போனால் புதுசுதான்.

இன்றைய கார் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் சின்ன ப்ளூடூத் கருவியைச் செருகினால், கூலன்ட் வெப்பத்தையும் பூஸ்ட்டையும் பேட்டரி வோல்ட்டையும் மொபைலிலேயே பார்க்கலாம். துளை போட வேண்டாம், ஒயர் வெட்ட வேண்டாம், வாரண்டிச் சண்டையும் இல்லை. ரேடியேட்டர் மேல் சந்தேகம் வந்தவருக்கு இது போதும். ஆனால் எண் கொஞ்சம் தாமதித்து வரும். அதோடு, பெரும்பாலான கார்களில் ஆயில் பிரஷருக்குச் சென்சர் கிடையாது, சுவிட்ச் மட்டுமே. இல்லாத அளவை எந்த மொபைலும் காட்டாது.

முள்ளும் எண்ணும் சேர்ந்து கைவிடுகிற இடமும் உண்டு. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் கொட்டிவிட்டால் டெம்பரேச்சர் சென்சர் காற்றில் தொங்கும். காற்று தண்ணீரைப்போல் அதைச் சுடாது. மீட்டர் நல்ல பிள்ளையாக 80ஐக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே சிலிண்டர் ஹெட் வளைந்துகொண்டிருக்கும். இதற்கு மருந்து மீட்டர் அல்ல, கூலன்ட் குறைந்தால் கத்தும் பஸ்ஸர். பார்க்காமலே தெரிய வேண்டியதைக் கண்ணிடம் ஒப்படைக்கக் கூடாது.

போடிமெட்டு ஜீப்புக்கு என்னிடம் பட்டியல் கேட்டால், வெப்பத்துக்கும் ஆயில் பிரஷருக்கும் எலக்ட்ரிக் முள் மீட்டர், வோல்ட்டுக்கு எண், கூலன்ட் மட்டத்துக்குப் பஸ்ஸர் என்று எழுதுவேன். ஆனால் காசை மீட்டரின் முகத்தில் கொட்டாமல் சென்டரில் போடுங்கள். மீட்டர் ஒரு கம்பெனி, சென்டர் வேறு கம்பெனி என்றால் முள்ளும் பொய் சொல்லும், எண்ணும் பொய் சொல்லும். வி.டி.ஓ. வகை ஆயில் பிரஷர் சென்டரில் அழுத்தம் ஏற ஏற மின்தடை பத்து ஓமிலிருந்து நூற்றெண்பது வாக்கில் ஏறும். அமெரிக்க வகையில் 240இலிருந்து 33க்கு இறங்கும். மாற்றிப் பூட்டினால் ஏற்றம் இறக்கமாகத் தெரியும். ஒற்றை ஒயர் சென்டருக்கு எஞ்சின் உலோகமே எர்த். கசியக் கூடாதென்று மரையில் டெஃப்லான் டேப்பைக் கட்டுக் கட்டாகச் சுற்றினால் எர்த் அறுந்து மீட்டர் பிதற்றும்.

டெம்பரேச்சர் சென்டரைப் பூட்டுமுன் ஒயரையும் எர்த்தையும் கொடுத்து, கொதிக்கும் வெந்நீரில் முனையை அமிழ்த்திப் பாருங்கள். போடியில் நூறுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். மூணாறில் அதே சோதனையைச் செய்து 95 காட்டினால் மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டாம். ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே அந்த வெப்பத்தில்தான். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருந்து 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கினால் சமவெளியில் வெறும் தண்ணீரே 118 டிகிரிவரை கொதிக்காது. ரப்பர் போய்விட்டால் மலைமேல் 95இலேயே பொங்கும், மீட்டரில் முள் சிவப்புக்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது. ஆகவே மீட்டர் வாங்கப் போகும்போது அப்படியே ஒரு புது மூடியும் வாங்கிவிடுங்கள்.